சூடான பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிற வண்டி, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடி டீக்கடையில் நிறுத்தினால், பத்து நிமிடம் கழித்து எத்தனை உதைத்தாலும் வராது. அரை மணி நேரம் நிழலில் நின்றால் எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். இந்தத் தொல்லையில் மாட்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 150 சிசி, கார்புரேட்டர் வைத்த, காற்றிலேயே குளிர்கிற பழைய வண்டி. சித்திரை வெயிலில் திருச்சி–மதுரை சாலையில் விராலிமலையிலும் துவரங்குறிச்சியிலும் நின்று தவித்திருக்கிறேன். ஒரு பட்டறையில் கார்புரேட்டர் கிட் மாற்றினார்கள், இன்னொன்றில் காயில் மாற்றினார்கள், பேட்டரியும் மாறியது. கடைசியில் குறை இருந்த இடத்தில் புதுப் பாகம் எதுவுமே தேவைப்படவில்லை.

இதில் உள்ள சிக்கலே இதுதான்: குறை சூட்டில் மட்டும் வருகிறது, மெக்கானிக் கையில் சேரும்போது வண்டி ஆறிவிடுகிறது. ஆறிய வண்டியில் அவர் எதைச் சோதித்தாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் அனுமானத்தில் பாகம் மாறும், செலவு உங்களுடையது. நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், பத்து நிமிடத்தில் நீங்கள் பார்த்துக் குறித்துக்கொள்கிற மூன்று நான்கு விஷயங்கள்தான் பாதிப் பழுதுபார்ப்பு.

1. பையில் வைத்திருக்க வேண்டியவை

உங்கள் வண்டிக்கான புது பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர், தடித்த துணி ஒன்று, சிறிய ஸ்க்ரூடிரைவர், உள்ளே இருப்பது தெரிகிற காலி பாட்டில். முடிந்தால் ஒரு மல்டிமீட்டர். சாதாரணமானது 300 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கும், போதும். பிளக் 100 முதல் 150 ரூபாய். எந்த பிளக், எவ்வளவு இடைவெளி என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். கையேட்டைத் தொலைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான நிறுவனங்களின் தளத்தில் மாடல் வாரியாக இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பிளக், டேப்பட் இடைவெளி (7-ஆம் பகுதியில் விளக்கம் வருகிறது), ஆயில் கிரேடு இருக்கும் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் எந்த வகை என்று பிரியுங்கள்

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது மூன்று வெவ்வேறு குறைகளுக்குப் பொதுவான பேச்சு.

செல்ஃப் போட்டால் மோட்டார் சோர்ந்து சுற்றுகிறது அல்லது "டக்" என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் கிக்கர் அடித்தால் உடனே வருகிறது. இப்படி இருந்தால் நேராக 8-ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள். கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.

மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சினில் உயிரே இல்லை. இது இரண்டாவது.

பிடிப்பது போல வந்து அணைகிறது, பெட்ரோல் வாசனை தூக்கலாக இருக்கிறது. இது மூன்றாவது.

இதோடு ஒரு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: நிறுத்திய எத்தனையாவது நிமிடத்தில் மறுத்தது, எத்தனையாவது நிமிடத்தில் மறுபடி வந்தது. நிறுத்திய உடனே அடித்தால் வருகிறது, ஐந்து பத்து நிமிடம் விட்டால்தான் மறுக்கிறது என்றால் பெட்ரோல் பக்கம் சந்தேகம் கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, அதன்பின் வரவே இல்லை என்றால் கரண்ட் பக்கமோ டேங்க் மூடியோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. நின்ற இடத்தில் பார்க்கிற வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். எளியதும் சூடு ஆறினால் தெரியாமல் போவதும் முதலில் வருகிறபடி அடுக்கியிருக்கிறேன்.

முதலில் கில் சுவிட்ச் (ஹேண்டிலில் உள்ள இஞ்சினை அணைக்கிற சுவிட்ச்), சைடு ஸ்டாண்ட், பெட்ரோல் டேப். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவர் கண்ணில் இவைதான் படாது.

அடுத்து டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் வந்து, அதன்பின் ஓரிரு நிமிடத்தில் வண்டி வந்துவிட்டால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். இது சூட்டுக் குறை மாதிரியே தோன்றும், ஏனென்றால் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் வரும். மூடியைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தால் முடிந்தது. செலவே இல்லை.

பிறகு ஸ்பார்க். சூடான இஞ்சின் தலையிலிருந்து (சிலிண்டரின் மேல்மூடி) பிளக்கைக் கழற்றத் தேவையில்லை. கழற்றவும் கூடாது, அலுமினியத் தலையில் மரை சூட்டில் எளிதாக உரிந்துவிடும். பிளக் கேப்பை மட்டும் உருவி, பையில் உள்ள புது பிளக்கை அதில் மாட்டுங்கள். அந்தப் பிளக்கின் இரும்பு உடம்பு இஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் நன்றாகப் படும்படி வைத்து, கிக் அடியுங்கள். பளிச்சென்ற நீலப் பொறி "சட் சட்" என்று வந்தால் கரண்ட் நலம். மஞ்சளாகவோ விட்டு விட்டோ வந்தால், அல்லது வரவே இல்லை என்றால் 6-ஆம் பகுதி. வெயிலில் பொறி தெரியாது, துணியால் நிழல் கட்டிப் பாருங்கள். இரண்டு எச்சரிக்கை: பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள்; பிளக் எர்த் ஆகாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது கிக் அடிக்காதீர்கள், சி.டி.ஐ. (பொறியைக் கட்டுப்படுத்துகிற மின்னணுப் பெட்டி) கெட்டுப்போகலாம். பெட்ரோல் சிந்தியிருந்தால் அது உலரும் வரை இந்தச் சோதனையே வேண்டாம்.

கரண்ட் இருக்கிறது என்றால், சோக் போடாமல் (ஆஃப் நிலையில்) இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஆக்சிலேட்டரைக் கடைசி வரை திருகிப் பிடித்தபடி கிக் அடியுங்கள். செல்ஃப் என்றால் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாமல், நடுவே பத்துப் பதினைந்து விநாடி ஓய்வு கொடுங்கள். இரண்டு மூன்று இருமலுக்குப் பிறகு வண்டி வந்துவிட்டால், உள்ளே பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், 4-ஆம் பகுதி. வந்தவுடன் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள்.

அதுவும் பலிக்கவில்லையென்றால், டேப்பை மூடிவிட்டு கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருகிற பெட்ரோலைப் பாட்டிலில் பிடியுங்கள். சைலன்சர் மேல் ஒரு சொட்டும் விழக்கூடாது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருந்தது வடிந்ததும் டேப்பைத் திறங்கள். நிற்காமல் ஒழுகினால் பெட்ரோல் வரத்து சரி, 7-ஆம் பகுதிக்குப் போங்கள். சொட்டுச் சொட்டாக நின்றால் 5-ஆம் பகுதி.

4. பெட்ரோல் அதிகமாகிறது என்றால்

வண்டி ஓடும்போது எதிர்காற்று இஞ்சினைக் குளிர்விக்கிறது. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், தலையில் உள்ள சூடு கார்புரேட்டருக்கு ஏறும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து, ஜெட் (பெட்ரோல் போகிற நுண்துளை) வழியாக மேலே ஏறி இன்லெட் குழாயில் தேங்கும். அதனால்தான் நிறுத்திய உடனே வருகிற வண்டி பத்து நிமிடம் கழித்து மறுக்கிறது. எத்தனாலைக் குறைந்த அளவில் கலக்கும்போது பெட்ரோல் ஆவியாகும் தன்மை இன்னும் கூடுகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பழைய பெட்ரோல் டியூபும் ரப்பர் வாஷர்களும் எத்தனாலில் உப்பி இளகலாம்.

ஆனால் நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டர் இந்தச் சூட்டைத் தாங்கும். தாங்கவில்லையென்றால் வரிசையாகப் பாருங்கள்: சோக் லீவரை ஆஃப் செய்தும் உள்ளே பிளஞ்சர் (சோக் வழியை அடைக்கிற தண்டு) முழுக்க இறங்காமல் நிற்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஃப்ளோட் ஊசி (கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்துகிற ஊசி) தேய்ந்து பெட்ரோலைக் கசிய விடுகிறதா, கார்புரேட்டருக்கும் தலைக்கும் நடுவே சூடு தடுக்கிற பேக்கலைட் துண்டு இருக்கிறதா. முன்பு யாராவது கழற்றி மாட்டியபோது அந்தத் துண்டை விட்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஃப்ளோட் ஊசியைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டேப்பில் மூடும் நிலை இருந்தால், வண்டியை நிறுத்திய அதே நொடியில் டேப்பையும் மூடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து அடியுங்கள். இப்படிச் செய்தால் வருகிறது, செய்யாவிட்டால் வரவில்லை என்றால் ஊசிதான்.

இன்னொரு ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு அளவு அச்சிட்டிருக்கும். போன முறையை விட அது தெளிவாக ஏறியிருந்தால் வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது. இரண்டு சான்றிதழையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

5. பெட்ரோல் வரவில்லை என்றால்

டேப்பின் உள்சல்லடை, இடையில் உள்ள ஃபில்டர், டியூப். முக்கியமாக டியூப் போகிற வழி. மாற்றும்போது நீளமாக வெட்டி, சூடான தலையை உரசிக்கொண்டு போக விட்டிருந்தால் டியூபுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும். சரியான நீளத்துக்கு வெட்டி, தலையிலிருந்து விலக்கிக் கட்டினால் போதும். சில பத்து ரூபாய் வேலை.

6. கரண்ட் வரவில்லை என்றால்

செம்புக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். 60 டிகிரி ஏறினால் கால் பங்கு அளவுக்குக் கூடுவது இயல்பு. குறை அதுவல்ல. காயிலின் சுருளுக்குள் எங்கோ கம்பி விரிசல் விட்டிருக்கும். ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டும், சூட்டில் விரிந்து பிரிந்தும் நிற்கும்.

ஆகவே வீட்டில் வண்டி ஆறியிருக்கும்போது பல்சர் காயில் (பொறி எப்போது வர வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சொல்வது), ஹெச்.டி. காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பிளக் கேப் மூன்றின் மின்தடையையும் அளந்து எழுதி வையுங்கள். வண்டி நின்றபோது அதே மூன்றையும் மறுபடி அளங்கள். சற்று ஏறியிருந்தால் கவலை வேண்டாம். மீட்டரில் "ஓ.எல்." (இணைப்பு அறுந்திருக்கிறது) என்று வந்தாலோ எண் நிலையில்லாமல் குதித்தாலோ அந்தப் பாகம்தான். பல்சர் காயில் மேக்னட் (இஞ்சினின் பக்கத்தில் சுழலும் காந்தச் சக்கரம்) மூடிக்குள் இருப்பதால் கழற்றத் தேவையில்லை, அதிலிருந்து சி.டி.ஐ.க்கு வருகிற ஒயர் சாக்கெட்டிலேயே அளக்கலாம். மீட்டர் இல்லையென்றால், சாவியை அணைத்துவிட்டு, டேங்குக்கு அடியில் உள்ள ஹெச்.டி. காயில் மேல் பிளாஸ்டிக் பையில் குளிர்ந்த தண்ணீரைக் கட்டி ஐந்து நிமிடம் வையுங்கள். உடனே ஸ்பார்க் திரும்பினால் காயில்தான். இஞ்சின் தலைமேல் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், தலை கோணிவிடும், விரிசலும் விழலாம்.

சி.டி.ஐ.யை மீட்டரால் சோதிக்க முடியாது. அதே மாடல் வண்டியிலிருந்து நன்றாக ஓடுகிற ஒன்றைச் சிறிது நேரத்துக்கு மாட்டிப் பார்ப்பதுதான் வழி. வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்காதீர்கள். ஸ்பேர்ஸ் கடைகளில் எலெக்ட்ரிக்கல் பொருளைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஹெச்.டி. காயில் 400 முதல் 800, சி.டி.ஐ. ஆயிரத்துக்கு மேல் என்பது நான் விசாரித்த விலை. மாடலுக்கு மாடல் மாறும். எது வாங்கினாலும் ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டையும் சேஸிஸ் எண்ணையும் காட்டி வாங்குங்கள். ஒரே பெயரில் வந்த வண்டியில் வருடத்துக்கு வருடம் சாக்கெட் மாறியிருக்கும்.

இரட்டை பிளக் வண்டியாக இருந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள்.

7. கரண்ட் உண்டு, பெட்ரோல் உண்டு, வண்டி வரவில்லை: டேப்பட்

என் வண்டியின் குறை இங்கேதான் இருந்தது. இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள், பலர் பார்ப்பதே இல்லை.

வால்வை அழுத்தித் திறக்கிற ராக்கரின் முனைக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். இதைத்தான் டேப்பட் இடைவெளி என்கிறோம். நம் ஊரில் ஓடுகிற பல 100, 150 சிசி வண்டிகளில் அது 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு என்ன என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் வால்வுத் தண்டு நீளும், எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் அதிகமாக நீளும். இடைவெளி போதவில்லையென்றால் ராக்கர் வால்வை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அது தன் சீட்டில் (வால்வு மூடி அமர்கிற வளையம்) முழுதாக உட்காராது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல்-காற்றுக் கலவை) ஒழுகும். ஓடிக்கொண்டிருக்கும்போது வேகத்தில் சமாளித்துவிடும். கிக்கர் வேகத்தில் சமாளிக்க முடியாது. ஆறினால் தண்டு சுருங்கி, வால்வு உட்கார்ந்து, வண்டி வந்துவிடும்.

இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், இறுகிய டேப்பட் சத்தம் போடாது. தளர்ந்த டேப்பட்தான் "டிக் டிக்" என்று கேட்கும். சத்தம் வருகிறது என்று நாம் புகார் சொல்வோம், பட்டறையில் சத்தம் போகிறவரை இறுக்கிக் கொடுப்பார்கள், இஞ்சின் தையல் மெஷின் போல மென்மையாக ஓடும், எல்லோருக்கும் திருப்தி. அதன்பின் வருகிற முதல் கோடையில் தொல்லை தொடங்கும். இறுக்காமலேயே விட்டாலும், வால்வு சீட்டில் சிறிது சிறிதாக உள்வாங்கி இடைவெளி தானாகக் குறையும். ஆகவே "போன சர்வீஸில் டேப்பட் பார்த்தாச்சு" என்ற பதிலோடு நிற்காதீர்கள். எத்தனை மில்லிமீட்டர் வைத்தீர்கள், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

நின்ற இடத்தில் இதை அறிய ஒரு வழி: கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். காலையில் ஓரிடத்தில் திமிறி நிற்கிற கிக்கர், சூட்டில் திமிறாமல் இறங்கிவிட்டால் கம்ப்ரஷன் போகிறது. காலையில் அது எப்படி இருக்கிறது என்று முன்பே பழகி வைத்திருந்தால்தான் வித்தியாசம் புரியும்.

சரிசெய்யும்போது ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்: இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவு முழுக்க நின்றிருந்தால் நல்லது. வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, அங்கேயே டேப்பட் வைக்கச் சொன்னால் அளவு தப்பும். நான் மாலையில் பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொன்னேன். அரை மணி நேர வேலை. மேக்னட்டில் "டி" குறி சேரும்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடு) இழுபட்டு நுழைகிற அளவுக்கு வைத்து, லாக் நட்டை முறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் முறுக்கும்போதுதான் அளவு நகரும். எங்கள் பக்கம் கூலி 150 முதல் 300 ரூபாய். ஃபீலர் கேஜ் இல்லாத பட்டறையாக இருந்தால் 200 ரூபாய்க்கு நீங்களே ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். சில இஞ்சின்களில் ஸ்க்ரூவுக்குப் பதில் சிம் (இடைவெளிக்காக வைக்கிற சிறு தகடு) இருக்கும்; அது தெரிந்தவர் கையில்தான் போக வேண்டும்.

டேப்பட் சரியாக வைத்தும் கம்ப்ரஷன் இல்லையென்றால், பிளக் ஓட்டை வழியாக ஒரு சிறு கரண்டி இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கசிவு. இரண்டுமே ஆயிரக்கணக்கில் செலவாகிற வேலை, வண்டி இரண்டு மூன்று நாள் பட்டறையில் இருக்கும். அதனால் இந்தச் சோதனை முடியாமல் தலையைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

8. செல்ஃப் மட்டும் சோர்கிறது என்றால்

மீட்டரை பேட்டரியில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அருகே, செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போகாமல், வண்டி ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. முதலாவதும் மூன்றாவதும் சரி, இரண்டாவது மட்டும் விழுகிறது என்றால் பேட்டரி முனையையும் எர்த் ஒயரையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அதன்பிறகே பேட்டரியையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ பேசுங்கள். பேட்டரிக்கு வாரன்டி அட்டை உண்டு, தேதி முத்திரை இல்லாமல் அது பெரும்பாலும் செல்லாது.

9. எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கிற ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிக்காரர்களுக்கு

2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் வருவதால் ஆவியாகித் தடுப்பது குறைவு. சாவி போட்டதும் பம்பு இரண்டு மூன்று விநாடி "ஙீ" என்று ஓடுகிறதா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்பு. இஞ்சின் விளக்கு அணையாமல் நின்றால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்ய வேண்டும். இஞ்சின் சூட்டைக் காட்டுகிற சென்சார் தவறாக "ஆறியிருக்கிறது" என்று சொன்னால் பெட்ரோல் அதிகமாகத் தெளிக்கப்பட்டு, சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. பம்பை டேங்கில் உள்ள பெட்ரோல்தான் குளிர்விக்கிறது, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டாதீர்கள். பெட்ரோல் லைனை நீங்களாகக் கழற்றாதீர்கள், உள்ளே அழுத்தம் இருக்கும்.

10. பட்டறையில் சொல்ல வேண்டியது, வாங்க வேண்டியது

ஜாப் கார்டில் "ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "40 கி.மீ. ஓடி நிறுத்திய 10-வது நிமிடத்தில் வரவில்லை, ஸ்பார்க் நீலமாக இருந்தது, பெட்ரோல் வந்தது, கிக்கர் இலகுவாக இறங்கியது, 35 நிமிடம் கழித்து வந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். அதைப் படிக்கிறவர் நேராக டேப்பட்டுக்குப் போவார். முடிந்தால் வண்டி நின்றபோது ஸ்பார்க்கையும் மீட்டரையும் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். வாரன்டியில் உள்ள வண்டியென்றால் வெளியில் ஒயர் வெட்டவோ வேறு பாகம் போடவோ விடாதீர்கள், ஜாப் கார்டு நகலை ஒவ்வொரு முறையும் வாங்குங்கள்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். கார்புரேட்டர், பிளக், காயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குறை என்று யாருக்கும் தெரியாது, அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பழைய காயில் பின்னால் சோதனைக்கு உதவும்.

வேலை முடிந்ததும் மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். 5, 10, 20-வது நிமிடங்களில் சோக் போடாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் மறுபடி ஓட்டிச் சூடேற்ற வேண்டும். ஒரே சூட்டில் மூன்றையும் பார்த்தால் கணக்கு சரிவராது. மூன்றிலும் வந்தால், வைத்த டேப்பட் அளவையும் அன்றைய கிலோமீட்டரையும் ஜாப் கார்டின் பின்னால் எழுதி ஆர்.சி. நகலோடு வையுங்கள். அடுத்த சர்வீஸில் முதலில் அதே அளவை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அதற்குள் இடைவெளி மறுபடி குறைந்திருந்தால் வால்வு சீட் உள்வாங்குகிறது, இஞ்சின் தலை வேலைக்குப் பணம் ஒதுக்கத் தொடங்க வேண்டிய நேரம்.